தீசிஸ் யார் கைக்குப் போக வேண்டும்?

எம்.டி. சமூக மருத்துவம் முதலாண்டு படிக்கும் மகளும், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் அப்பாவும் ஒரே கடிதத்தில் ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மகளின் கேள்வி: "ஸ்பின்னிங் மில் தொழிலாளர்களின் நுரையீரல் பற்றி தீசிஸ் செய்யலாம் என்றிருக்கிறேன். ஒரு பேப்பரோடு நின்றுவிடாமல் அது நம்ம சனங்களுக்குப் பயன்பட என்ன செய்ய வேண்டும்?" அப்பாவின் கேள்வி: "டாக்டருக்குப் படித்துவிட்டு ஆராய்ச்சி என்கிறாளே, இதில் பிழைப்பு ஓடுமா?" முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில் வேண்டும். அப்பாவுக்குக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்க.

அம்மணி, 2009ல் லான்செட் மருத்துவ இதழில் இயன் சால்மர்ஸ், பால் கிளாஸியூ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். மருத்துவ ஆராய்ச்சியில் போடும் பணத்தில் சுமார் 85 விழுக்காடு வீணாகிறது என்றார்கள். நோயாளிக்கும் மருத்துவருக்கும் தேவைப்படாத கேள்வி, பிசகான முறை, முடிவை வெளியிடாமல் கிடப்பில் போடுவது, வெளியிட்டாலும் யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி எழுதுவது என்று நான்கு இடங்களில் அது கசிகிறது. இதில் முதல் இரண்டும் ஒரு தொழிலாளியைக்கூடப் பார்க்கும் முன்பே நடந்து முடிந்துவிடும். அதனால் ஊருக்குப் பயன்படும் வேலையைத் தீசிஸ் முடிந்த பிறகு ஆரம்பிக்க முடியாது. புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதும் மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

புரோட்டோகாலின் முதல் பக்கத்தில், உங்கள் கண்ணுக்கு மட்டும், ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இந்த விடை கிடைத்தால் யார், எந்த முடிவை மாற்றுவார்? "பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே சுவாசக் கோளாறு எவ்வளவு" என்ற தலைப்பை இந்த வரியோடு ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. 20 விழுக்காடு என்று விடை வந்தால் யார் என்ன செய்வார்? உங்கள் தலைப்புக்கு உண்மையில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மருத்துவருக்கு, இருமலோடு வரும் ஆட்களில் யாரை நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்புவது என்று தெரிய வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிக்கு, எந்தப் பிரிவில் தூசி எவ்வளவு இருக்கும்போது பாதிப்பு ஏறுகிறது என்ற அளவு வேண்டும். மில் நிர்வாகத்துக்கு, எந்த மாற்றத்தைச் செய்தால் குறையும் என்று தெரிய வேண்டும். மூன்றுக்கும் மூன்று விதமான ஆய்வு. ஒரு தீசிஸில் மூன்றையும் பிடிக்கப் போனால் எதுவும் கைக்கு வராது. முதல் ஆய்வுக்கு டிஸ்பென்சரி மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் யோசனை. செலவு குறைவு. விடை கிடைத்த மறுவாரமே அவரால் பயன்படுத்த முடியும். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பதால், நோய் உறுதியானால் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய பலனும் உண்டு.

தூசியை அளக்க வசதி இருந்தால் அளந்துவிடுங்கள். அமெரிக்காவில் 1978ல் நூல் உற்பத்திப் பிரிவுகளுக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசி என்ற வரம்பைக் கொண்டுவர முடிந்ததற்கு, தூசியையும் நுரையீரலையும் சேர்த்து அளந்த ஆய்வுகள் கையில் இருந்தது ஒரு முக்கியக் காரணம். நோயாளிகளை மட்டும் எண்ணியிருந்தால் சட்டத்தில் எழுத ஓர் எண் கிடைத்திருக்காது. கோவையில் 'சிட்ரா' என்ற ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. தூசி அளப்பது பற்றி அங்கே கேட்டுப் பாருங்கள்.

இனி, இந்தத் தலைப்பில் ஆட்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்.

பிஸினோசிஸின் அடையாளம், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பது. பாடப் புத்தகம் அதைத் திங்கட்கிழமை என்று எழுதியிருக்கும். நம்ம பக்கத்து மில்களில் வார விடுமுறை ஆளுக்கு ஆள் மாறும். எல்லாரையும் திங்கட்கிழமை வரிசையில் நிறுத்திச் சோதித்தால் பலருக்கு அது வேலையின் மூன்றாவது நாளாகவோ நான்காவது நாளாகவோ இருக்கும், நோய் கண்ணில் படாது. ஒவ்வொருவரின் விடுமுறை நாளையும் முதலில் குறித்து வாங்கி, அவரவர் திரும்பும் நாளில் ஷிப்டுக்கு முன் ஒரு முறையும், குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுமுறையும் ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊத வைத்து மூச்சை அளக்கும் சோதனை) எடுக்க வேண்டும். முதல் விநாடியில் ஊதும் காற்றின் அளவு ஒரே ஷிப்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம்.

கருவியைத் தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபார்க்க வேண்டும். ஒருவர் ஒழுங்காக ஊதிய மூன்று ஊதல்கள் வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். எட்டு முறைக்கு மேல் ஊத வைக்காதீர்கள், களைப்பில் அளவு தானாகவே குறையும். மில் கேட்டில் நின்றுகொண்டு அவசரமாக எடுக்கும் அளவுகளில் பல இந்தச் சோதனையில் தேறாது. ஒரு ஆளுக்கு 15 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேரை எடுக்க முடியும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்த சறுக்கல் இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. மூச்சு வாங்கத் தொடங்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். மில்லுக்குள் இருப்பவர்களை மட்டும் சோதித்தால், தாக்குப்பிடித்தவர்களை மட்டும் சோதிக்கிறோம். 'பாதிப்பு குறைவு' என்று உங்கள் தீசிஸ் சொல்லும், அதை யாராவது ஒருவர் தொழிலாளிக்கு எதிராகவே எடுத்து நீட்டுவார். ஆகவே கடந்த ஐந்து ஆண்டுகளில் வேலையை விட்டவர்களையும் சேருங்கள். அவர்களைத் தேட தொழிற்சங்கம், ரேஷன் கடைப் பக்கத்துப் பேச்சு, கிராம சுகாதார செவிலியர் ஆகிய மூவரும் உதவுவார்கள். மில் ஆபீஸ் கொடுக்கும் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங் ஆட்கள் எத்தனை பேர், பேக்கிங் ஆட்கள் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்கள். தூசி அதிகம் படுவது முதல் இரண்டில்.

எத்தனை பேர் வேண்டும்? பாதிப்பு 20 விழுக்காடு இருக்கும் என்று வைத்து, விடை 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால், சூத்திரம் 246 பேர் என்று சொல்லும். பலர் அந்த 246ஐ அப்படியே எழுதிவிடுவார்கள். மில்களைத் தேர்ந்தெடுத்து அதற்குள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே மில் ஆட்கள் ஒன்றுபோல இருப்பார்கள். அதற்காக 1.5ஆல் பெருக்கினால் 369. பத்துப் பேரில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்தால் 410. அந்த 20 விழுக்காட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) கேட்கும். வேறு மாநிலத்தின் பழைய ஆய்விலிருந்து எடுப்பதைவிட, சின்ன முன்னோட்டம் ஒன்று செய்து எடுப்பது நல்லது.

சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது கேட்ட கேள்விக்கு வரும் பதிலை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது. அறையிலோ வீட்டிலோ தனியாகக் கேளுங்கள். மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களிடம் பெண் ஆய்வாளர்தான் கேட்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் இருந்தால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைக்கும் ஆட்கள் கைநாட்டு வைப்பார்கள், புரிந்து சம்மதிக்க மாட்டார்கள். ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி, வேறொருவரைக் கொண்டு திரும்ப மொழிபெயர்த்துச் சரிபாருங்கள். சோதனைக்காக ஒருவர் கூலி இழந்தால் அதை ஈடுகட்டலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் எவ்வளவு என்பதை எதிக்ஸ் கமிட்டியிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒருவரின் பரிசோதனை முடிவு அவர் கைக்குத்தான் போக வேண்டும், மில் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. 'உனக்கு நுரையீரல் சரியில்லை' என்ற தாள் முதலாளி மேசைக்குப் போனால் அந்தத் தொழிலாளிக்கு வேலை போகலாம். சிகிச்சை கேட்டு வந்தவர் கூலியையும் இழந்து நிற்பார். நிர்வாகத்துக்குப் பிரிவு வாரியான எண்ணிக்கை போதும். பத்துப் பேருக்கும் குறைவான பிரிவு என்றால் அதையும் கொடுக்காதீர்கள், ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். இதை நிர்வாகம் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த பிறகே உள்ளே போங்கள். ஒப்புக்கொள்ளாத மில்லை விட்டுவிடுங்கள். நோய் தெரிந்தவரை எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யாரிடம் அனுப்புவது என்பதும் முதல் ஆளைச் சோதிக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியோ கோவை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையோ, எதுவானாலும் அங்கே உள்ள துறைத் தலைவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போக்கிடம் சொல்லாமல் நோயை மட்டும் சொல்லிவிட்டு வருவது அநியாயம்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி வந்ததும், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பாக, மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் கிடையாது, பி.ஜி. தீசிஸ்களையும் ஏற்பார்கள்.

முடிவு வந்த பிறகு செய்ய வேண்டியது ஒரு பக்கம். நிஜமாகவே ஒரு பக்கம்தான். முதல் பத்தியில் என்ன செய்ய வேண்டும், அடுத்ததில் ஏன், கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தோம். தீசிஸின் வரிசைக்கு இது நேர் தலைகீழ். 'ஆட்ஸ் ரேஷியோ 2.4' என்று எழுதாதீர்கள். 'கார்டிங்கில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு, பேக்கிங்கில் பத்துப் பேரில் ஒருவருக்கு' என்று உங்கள் எண்களைப் போட்டு எழுதுங்கள். அந்தத் தாளை டிஸ்பென்சரி மருத்துவர், மாவட்ட சுகாதார அலுவலர், கோவையிலுள்ள தென்னிந்திய மில்கள் சங்கம், தொழிற்சங்கம் என்று நேரில் போய்க் கொடுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் அது ஒரு மனு நம்பராக மட்டும் மாறும். தொழிலாளர்கள் நிறைய இருக்கும் ஊராட்சியில் மே 1 கிராம சபையில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்பது அதைவிட மேல்.

ஜர்னல் விஷயத்தில் ஒன்றே ஒன்று. 'ஒரே வாரத்தில் பிரசுரம்' என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள். அங்கே போட்ட ஆய்வை நாளைக்கு எந்த அதிகாரியும் ஆதாரமாக எடுக்க மாட்டார், வேறு நல்ல இதழும் அதைத் திரும்பப் போடாது.

வகுப்புத் தோழிகளுக்கும் தலைப்பு தேடுவதாக எழுதியிருந்தீர்கள். நாமக்கல்லில் கோழிப்பண்ணை ஆட்களிடமும் அவர்கள் வீட்டிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பார்க்கலாம். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளுக்குத் தர 2019ல் தடை வந்துவிட்டது, அதன் பிறகு நிலைமை என்ன என்பது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி. விசைத்தறிக் குடோன்களில் செவித்திறன் இன்னொன்று. சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் தறிச் சத்தம் காதில் படாமல் இருக்க வேண்டும், ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்த ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) தற்காலிக மந்தத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். மலைக் கிராமங்களில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்குப் பரிசோதனை செய்ய நினைப்பவர், ஆலோசகர் கூட வராமல் ஊசியை எடுக்கவே வேண்டாம். நோய்க்கூறு இருக்கிறது என்ற செய்தி ஊருக்குள் கசிந்தால் ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகும்.

இனி அப்பாவுக்கு. எம்.டி. முடித்தால் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு வழி இருக்கிறது, ஆராய்ச்சி அந்த வேலையின் ஒரு பகுதி. கிளினிக் வைப்பதுபோலக் கையில் காசு உடனே புரளாது, அதை மறைப்பதற்கில்லை. முழுநேர ஆராய்ச்சிக்குப் போய் பிஎச்.டி. சேர்ந்தால், மத்திய அரசின் ஜூனியர் ஃபெலோஷிப் (ஆராய்ச்சி உதவித்தொகை) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியருக்கு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. எம்.டி. தீசிஸுக்கு ஐ.சி.எம்.ஆர். நிதியுதவியும் உண்டு, புரோட்டோகால் தயாரானதும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்களால் ஆகும் உதவி ஒன்று பெரிது: தொழிலில் உங்களுக்குப் பழக்கமான மில்காரர்களிடம் மகளை அழைத்துப் போய் அறிமுகம் செய்து வையுங்க. அறிமுகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்க. முடிவு இப்படி வந்தால் நல்லது என்று யாரிடமும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

அம்மணி, சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளத்தில் நடத்தும் எட்டு வாரச் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பில் சேருங்கள், படிக்கக் கட்டணமில்லை. அதோடு, புரோட்டோகாலில் கை வைக்கும் முன் பக்கத்து ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு ஒரு காலை போய், போன மாதம் இருமலுக்கு வந்தவர்களில் எத்தனை பேரிடம் 'எந்தப் பிரிவில் வேலை' என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று ஓ.பி. ரெஜிஸ்டரை மருத்துவரின் அனுமதியோடு பாருங்கள். அந்தக் கலம் காலியாக இருந்தால், அதை நிரப்ப வைப்பதையே உங்கள் ஆய்வின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.