படுத்த படுக்கையிலும் நற்கருணை

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாக அம்மா படுக்கையில். தினமும் பூசைக்குப் போய், இயேசுவின் உடலாகத் தரப்படும் அப்பமான நற்கருணையை, அதாவது நன்மையை, வாங்கியவர். “நன்மை வாங்கக்கூட வழியில்லை, நான் யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று அழுகிறார். நற்கருணை மட்டுமே உண்டு வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து, சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: அம்மா கேள்விப்பட்டது போர்ச்சுகல் நாட்டு பாலசார் கிராமத்தின் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) அலெக்ஸாண்ட்ரினாவாக இருக்கலாம். 1918-இல், ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனியன்று, வீட்டுக்குள் புகுந்த ஆண்களிடமிருந்து தப்ப ஜன்னல் வழியே குதித்தார். அப்போது வயது 14. அந்த அடி மெல்ல மெல்ல முடக்கி, 1925-இல் கட்டிலோடு கிடத்திவிட்டது. 1955-இல் இறக்கும்வரை படுக்கையிலேயே வாழ்ந்தார்.

கடைசி 13 வருடம் நற்கருணையைத் தவிர அவர் எதுவும் உண்ணவில்லை என்று சொல்லப்படுகிறது. 1943-இல் மருத்துவமனையில் 40 நாள் வைத்துக் கண்காணித்தார்கள். ஆனால் நம்புகிறவர்களுக்கும் அது அவருக்கு மட்டும் கிடைத்த வரம். யாரும் பார்த்துச் செய்ய வேண்டியதல்ல. எலும்பு ஒன்றுசேர வேண்டிய உங்கள் அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடத்தான் வேண்டும். இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய கதை வேறு. அலெக்ஸாண்ட்ரினாவும் முதலில் குணமாக வேண்டும் என்றுதான் மன்றாடினார். குணமானால் மறைபரப்புப் பணிக்குப் போவதாகவும் வேண்டிக்கொண்டார். நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது: இயேசுவே, நீர் கோவிலில் நற்கருணையை வைக்கும் பெட்டியான நற்கருணைப் பேழைக்குள் கைதி, நான் இந்தக் கட்டிலில் கைதி, நாம் ஒருவருக்கொருவர் துணையாக இருப்போம். எனக்கு அந்தப் பட்டினியைவிட இந்தத் துணைதான் பெரிதாகத் தெரிகிறது. ஆளில்லாத கோவில்களின் பேழைகளை மனதால் சந்திப்பதையே அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கும் அந்த வேலை காத்திருக்கிறது. உங்கள் கோவில் மதியத்தில் பூட்டிக் கிடக்கும்போது, தனியாக இருக்கும் ஆண்டவருக்குத் துணையிருக்கச் சொல்லுங்கள்.

“நன்மை வாங்க வழியில்லை” என்பதும் சரியல்ல. பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள். வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவது திருச்சபையின் வழக்கம். எட்டு மாதமாக அம்மா கிடப்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். சாமியார் வரும் நாளில் கட்டிலருகே சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி. முந்தின இரவே அந்தத் துணியை அம்மா கையில் கொடுங்கள். சுருக்கம் நீவி அவரே மடித்து வைக்கட்டும்.