வாரம் ஒருநாள் வருகிறவரை வகுப்புக்குள் கூப்பிடுங்கள்

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூலில் (தொடக்கப் பள்ளி) ரெண்டாம் கிளாஸ் டீச்சராக இருக்கிறேன். என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன், சொந்தமாக நாலைந்து வார்த்தைதான் பேசுகிறான். 'சாப்பிட்டியா கண்ணு' என்று கேட்டால் 'சாப்பிட்டியா கண்ணு' என்றே திருப்பிச் சொல்வான். போர்டில் இருப்பதை அச்சு மாதிரி பார்த்து எழுதுவான், அர்த்தம் தெரியாது. பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். போன மாதம் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டான். பி.ஆர்.சி. என்ற வட்டார வள மையத்திலிருந்து ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்பாசிரியர்) வாரம் ஒருநாள் வந்து தனி ரூமில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். நல்ல மனுஷி, ஆனால் மலையாளம்தான் பேசுவார். மீதி நாலு நாள் நான் என்ன செய்வது? எனக்கு இதில் பயிற்சி கிடையாது. இதற்கிடையில் 'ரெண்டு மொழி கேட்டுக் குழம்பிப் போயிருக்கான், ஒரே மொழி போதும்' என்று யாரோ சொல்ல, அவன் அம்மா வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை மலையாளத்தில் பேசுகிறார். ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றச் சொல்லி ஹெச்.எம். நெருக்குகிறார். மாற்றச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்த்த காலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வந்தவள் நான். 'மீதி நாலு நாள் நான் என்ன செய்வது' என்று கேட்டீர்கள் பாருங்கள், இந்தப் பையனுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். வாரத்துக்கு ஒரு தடவை தனி ரூமில் நடப்பதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பேச்சு வந்துவிடாது. எதையாவது கேட்டு வாங்க வேண்டிய தேவை இருக்க வேண்டும், அவன் கேட்கும்வரை காத்திருக்க எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். ரெண்டும் உங்கள் வகுப்பிலும் கஞ்சிப்புரையில் சாப்பாட்டுக்கு நிற்கிற வரிசையிலும்தான் இருக்கின்றன. அதனால் அடுத்த வாரம் ஸ்பெஷல் எஜுகேட்டர் வரும்போது, 'இன்னிக்கு அவனைக் கூட்டிப்போக வேண்டாம், நீங்க என் கிளாஸ்ல வந்து உட்காருங்க' என்று சொல்லுங்கள். ஒரு கணக்குப் பீரியடும், பால் கொடுக்கும் நேரமும் அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அவன் எந்த இடத்தில் தொலைந்துபோகிறான், நீங்கள் எந்த இடத்தில் வேகமாகப் போய்விடுகிறீர்கள் என்று அவர் கண்ணுக்குப் படும். அவர் செய்வதை நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். அவரும் சந்தோஷப்படுவார் என்றே நினைக்கிறேன். போகிற பள்ளிகளிலெல்லாம் 'இந்தாங்க உங்க பிள்ளை' என்று கையில் பிடித்துக் கொடுத்துவிடுவதைப் பார்த்து அலுத்துப்போன ரிசோர்ஸ் டீச்சர்களை எனக்கு நிறையத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அவனுக்குக் காது பரிசோதனை செய்திருக்கிறார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெல் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் நினைத்திருக்கலாம். அப்படி முடிவு கட்ட முடியாது. பெரிய சத்தம் தொந்தரவு செய்கிற பிள்ளைக்கும், ச, ஸ, த போன்ற மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேள்வித்திறன் ஏறி இறங்கும். 'கேட்குதா' என்று கேட்டு அவன் பதில் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, ஓ.ஏ.இ., பெரா என்ற சோதனைகளைப் பிள்ளை சும்மா படுத்திருந்தாலே எடுத்துவிடலாம். 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013 முதல் இருக்கிறது. அதன் கீழ் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட மையத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே எழுதி அனுப்புவார்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஷொர்ணூர் கவளப்பாறையில் இக்கான்ஸ் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. பேச்சு, மொழி, நரம்பு வளர்ச்சி சம்பந்தமான பிரச்சினைகளைப் பார்ப்பதற்கென்றே ஏற்பட்டது அது. காது, பேச்சு, மனநலம் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால் தாய்க்கு அலைச்சல் குறையும்.

நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் பலரும் 'ஆட்டிசம்' என்பார்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அந்தப் பெயரை வைக்க மாட்டேன். நேரில் பார்த்து, வீட்டில் எப்படி இருக்கிறான் என்று விசாரித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பெயர் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். நான் கீழே சொல்லப்போவது, சோதனையில் எது வந்தாலும் அவனுக்குப் பயன்படும்.

அவன் திருப்பிச் சொல்வது உங்களைக் கேலி செய்வதற்கில்லை. 'சாப்பிட்டியா' என்பதற்குப் பதில் என்ன என்று தெரியவில்லை. பேச்சில் தன் முறை வந்துவிட்டது என்று மட்டும் தெரிகிறது, கையில் இருப்பதைக் கொடுக்கிறான். அது ஒரு முயற்சி. அதைத் திட்டி நிறுத்தினால் இருக்கிற வாசலையும் அடைத்த மாதிரி ஆகிவிடும். அவனிடம் கேள்வி கேட்பதைக் குறையுங்கள். அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவன் பக்கத்திலிருந்து நீங்கள் தொடங்குங்கள். பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு...' என்று இழுத்து நிறுத்துங்கள். நிறுத்தியபின் அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வகுப்பில் பத்து விநாடி மௌனம் மிக நீளமாகத் தெரியும், தெரியட்டும். கேட்டது மூளைக்குப் போய் வார்த்தையாகத் திரும்பி வர இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் தேவை. நாம் ரெண்டாவது விநாடியிலேயே கேள்வியை மாற்றிக் கேட்டு அவன் தேடிக்கொண்டிருந்ததைக் கலைத்துவிடுகிறோம். டம்ளரை நோக்கிக் கை நீட்டினாலும் சரி, 'பா' என்று உதடு குவித்தாலும் சரி, உடனே 'எனக்குப் பால் வேணும்' என்று நீங்களே முழுதாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் பால் என்று பட்டினி போடுகிற வேலை கூடவே கூடாது.

கடித்ததைப் பற்றி. அன்று அவன் கடிப்பதற்கு முன் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். யாராவது அவன் பென்சிலை எடுத்தார்களா, வரிசையில் இடித்தார்களா, வகுப்பில் சத்தம் கூடியிருந்ததா? 'போதும்', 'வேண்டாம்', 'என்னை விடு' என்று சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை அதைப் பல்லால் சொல்கிறது. வார்த்தை கிடைத்தால் பல்லுக்கு வேலை குறையும். படம் போட்ட அட்டைகள் தயாரிக்கும்போது எல்லோரும் ஆப்பிள், யானை, பஸ் என்று ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பையனுக்கு யானையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் அட்டை 'போதும்'. அப்புறம் 'வேண்டாம்', 'உதவி', 'தண்ணி', 'பாத்ரூம்'. உள்ளங்கை அளவில் வெட்டி, ஒரு வளையத்தில் கோத்து அவன் மேசையில் கட்டிவிடுங்கள். முகம் சுருங்குகிறது, உடம்பு இறுகுகிறது என்று நீங்கள் கண்ட நிமிஷமே அவன் கையைப் பிடித்து 'போதும்' அட்டையைத் தொடவைத்து, வாயாலும் 'போதும்' என்று சொல்லி, உண்மையிலேயே அந்த வேலையை நிறுத்துங்கள். தொட்டால் நிற்கிறது என்று அவன் நம்ப வேண்டும். முதல் சில வாரம் எதற்கெடுத்தாலும் 'போதும்' அட்டையை நீட்டுவான். கோபப்படாதீர்கள், தன் சொல்லுக்கு உலகம் அசைகிறதா என்று பார்க்கிறான்.

படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதாக ஆராய்ச்சிகள் எதுவும் காட்டவில்லை. பல பிள்ளைகளுக்கு அதனாலேயே பேச்சு கூடியிருக்கிறது. அட்டை போதாது என்ற நிலை வந்தால், தொட்டால் குரலில் பேசும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான 'ஆவாஸ்' அப்படி ஒன்று, தமிழிலும் பேசும். இப்போதைக்கு அட்டை போதும்.

பெல்லுக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். அன்றைய நேர அட்டவணையைப் படங்களாக அவன் மேசை ஓரத்தில் ஒட்டுங்கள். பாட்டு, கணக்கு, பால், விளையாட்டு, வீடு. முடிந்த ஒவ்வொன்றையும் அவனே கழற்றிப் பெட்டியில் போடட்டும். பெல் அடிக்கும் முன் அருகில் போய் மணிப் படத்தைக் காட்டுங்கள். எதிர்பார்க்கிற சத்தம் எதிர்பாராத சத்தத்தைவிடக் கொஞ்சம் தாங்கக் கூடியது. மேசைக்கடியில் போவதை விடுங்கள், அது அவன் கண்டுபிடித்த தற்காப்பு.

இப்போது மொழி விஷயம். இதை அந்த அம்மாவிடம் நீங்கள் இன்றைக்கே சொல்ல வேண்டும்: வீட்டில் தமிழைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரெண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளிலும் ரெண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு மொழிக்காரர்களைவிடப் பின்தங்கியதாகத் தெரியவில்லை. பிரச்சினை இருந்தால் அது ரெண்டு மொழியிலும் இருக்கும், ஒன்றைக் கழித்தால் தீராது. அந்த அம்மாவுக்குத் தாலாட்டவும் கொஞ்சவும் கதை சொல்லவும் அதட்டவும் தமிழில்தான் வரும். தெரியாத மொழியில் பேசும்போது 'வா, போ, உட்காரு' என்று கட்டளை மட்டும்தான் மிஞ்சும். சித்தூர் தாலுகாவில் கடைத்தெருவில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளராத பிள்ளை எது? அந்த அம்மா மறுபடி மனம்விட்டுத் தமிழில் அவனோடு பேச வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் கவனியுங்கள். அவனை மதிப்பீடு செய்தபோது கேள்விகளை மலையாளத்தில் கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்த ரிப்போர்ட் அவனுடைய அறிவைக் குறைத்துத்தான் காட்டியிருக்கும். வீட்டு மொழியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தெரபிஸ்டுக்குத் தமிழ் வராவிட்டால் நீங்களோ அம்மாவோ பக்கத்தில் இருந்து தமிழில் கேட்கலாம். ஆனால் பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஸ்பெஷல் எஜுகேட்டரோடு நீங்கள் உட்காரும்போதும் இது உதவும். அவருக்கு முறை தெரியும், உங்களுக்கு மொழி தெரியும். அட்டைகளில் அவன் வீட்டில் புழங்கும் சொல்லே இருக்கட்டும்.

அவனுக்கென்று ஐ.இ.பி., அதாவது தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று பி.ஆர்.சி. ஃபைலில் இருக்கும். அதை வாங்கிப் படித்துப் பாருங்கள். 'தொடர்புத்திறன் மேம்பட வேண்டும்' என்ற மாதிரி எழுதியிருந்தால் அதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. 'ஓணப் பரீட்சைக்குள் அட்டை காட்டித் தானாகத் தண்ணீர் கேட்பான்' என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். ரெண்டு மூன்று இலக்கு போதும். அம்மா அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. வாரம் ஒருநாள் மட்டும் அவர் வருவது அவருடைய குற்றமில்லை. பணியிடங்கள் போதவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது பி.டி.ஏ.வும் பஞ்சாயத்தும்.

வெளியில் தெரபிக்குப் போவதாக இருந்தால், கோயமுத்தூரோ பொள்ளாச்சியோ பாலக்காடோ, அங்கே இருப்பவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை மாதத்தில் பேசவைத்துவிடுவோம் என்று உறுதி கொடுக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். குறைபாடு உறுதியானால் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அது கேரளம், தமிழ்நாடு என்று எல்லைக்கு ரெண்டு பக்கமும் செல்லும்.

ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்ல வேண்டாம், ஹெச்.எம்.மும் சொல்லக் கூடாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31-ம் பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ ஸ்பெஷல் ஸ்கூலிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. எது என்று தேர்ந்தெடுப்பது பிள்ளையும் குடும்பமும். நல்ல ஸ்பெஷல் ஸ்கூல்கள் இருக்கின்றன, சில பிள்ளைகளுக்கு அவைதான் பொருந்தும். ஆனால் உங்கள் பையனுக்கு இந்தப் பள்ளியில் இன்னும் எதுவும் முறையாகச் செய்து பார்க்கப்படவில்லை. இந்த வருஷம் முழுக்க அட்டையும் அட்டவணையும் வைத்து, ஸ்பெஷல் எஜுகேட்டரும் நீங்களும் சேர்ந்து வேலை செய்தபின், என்ன மாறியது என்று எழுதிவைத்த குறிப்போடு அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்.

'அவன் பேசிடுவானா டீச்சர்' என்று அம்மா உங்களைக் கேட்பார். பேசிடுவான் என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடாதீர்கள், மாட்டான் என்றும் சொல்லாதீர்கள். அவனுக்கு வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் கற்றுக்கொடுக்கப் போகிறோம், அது வாயால் வந்தாலும் சரி கையால் வந்தாலும் சரி என்று சொல்லுங்கள். அது உங்களால் நிறைவேற்றக் கூடிய வாக்கு.

பி.ஆர்.சி.யில் நேரம் ஒதுக்கித் தரவில்லை என்றால் அம்மா பெயரில் ஒரு மனு கொடுங்கள். அதைத் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதக் கேரளத்தில் சட்டம் இடம் கொடுக்கிறது. காது பரிசோதனை ரிப்போர்ட், ஐ.இ.பி. நகல் ரெண்டையும் இணைத்து, வகுப்புக்குள்ளேயே வந்து உதவ வேண்டும் என்ற கோரிக்கையை முதல் வரியில் எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்த நகல் ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.