பயிற்சி மாணவி எடுத்த ஐ.க்யூ. பரிசோதனை செல்லுமா?

கேள்வி: எட்டு வயது மகனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பயிற்சியில் இருக்கும் மருத்துவ உளவியல் மாணவிதான் பினே-காமத் என்ற அறிவுத்திறன் பரிசோதனையைச் செய்தார். ஐ.க்யூ. 68 என்கிறது அறிக்கை. கையெழுத்திட்ட மேற்பார்வையாளரை நாங்கள் பார்க்கவே இல்லை. நம்பலாமா? வேறு இடத்தில் மறுபடி எடுக்கலாமா?

பதில்: மாணவி எடுத்ததில் தவறில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தொழில் கற்றோம். கை பழகியவர்கள் கேள்வியைத் தம் வாக்கில் சுருக்கிவிடுவார்கள். மாணவர்கள் கையேட்டை வரி பிசகாமல் பின்பற்றுவார்கள். மேற்பார்வையாளர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். பையனின் பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அவரே மதிப்பெண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். பல இடங்களில் மாலையில் அறிக்கைக் கட்டு வரும், கையெழுத்து விழும், அவ்வளவுதான். ஒருவர் தலையில் இத்தனை மாணவர்களைக் கட்டிவிடும் நிர்வாகத்தைக் கேட்பாரில்லை.

அவரைப் பத்து நிமிடம் சந்திக்க நேரம் கேளுங்கள். விடைத்தாளின் நகல் கிடைக்காது. கேள்விகள் வெளியே போனால் பரிசோதனையே பாழ். ஆனால் வயதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். இந்தப் பரிசோதனையில் மன வயதை, அதாவது பையனின் பதில்கள் எந்த வயதுக் குழந்தைக்கு உரியவையோ அந்த வயதை, உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். மன வயது 68 மாதம், வயது 100 மாதம் என்றால் ஐ.க்யூ. 68. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதை நான்கு மாதம் கூட்டிப் பிறந்த தேதி கொடுத்திருந்தால், உண்மை வயது 96 மாதம், ஐ.க்யூ. 71 ஆகிவிடும். அறிவுத்திறன் குறைபாட்டுக்கு எல்லையாகக் கொள்ளும் 70-ஐ ஒட்டிய குழந்தைக்கு இது சின்ன விஷயமல்ல. நம் வீடுகளில் இப்படித் தேதி மாற்றுவது சகஜம். மருத்துவமனை அட்டையில் இருந்ததை மாணவி அப்படியே எழுதியிருப்பார். உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் மறைக்காதீர்கள்.

வேறு இடத்துக்கு உடனே ஓட வேண்டாம். சில வாரங்களுக்குள் அதே பரிசோதனையை எடுத்தால், கேள்விகள் பழகி மதிப்பெண் ஏறக்கூடும். அதைவிட, "ஐ.க்யூ. எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டே அறிக்கை எழுதும் மையங்களும் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களும் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். அறிக்கை வேறு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேறு. சான்றிதழ் அரசு அங்கீகரித்த மருத்துவ அமைப்பு தருவது. தரகனுக்கு அங்கே வேலையே இல்லை. கையெழுத்தின் கீழ், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! எந்தப் போலி இதற்குப் பயப்படுவான்?

சந்திக்கப் போகும்போது பிறப்புச் சான்றிதழையும் பள்ளி நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். அன்று பையனுக்குக் காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மாணவியும் உடன் இருக்கட்டும். பையன் எங்கே தயங்கினான், எங்கே சலித்துக்கொண்டான் என்பது அவருக்குத்தான் தெரியும்.