பாம்பனுக்கு மேல் 0 டிகிரி எந்த உயரத்தில்?

ஈரா-5 (உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஐரோப்பிய வானிலை மையம் தரும் வானிலைத் தரவு) கோப்பில், பாம்பன் இருக்கும் கட்டத்தில் 273.15 கெல்வின், அதாவது 0 டிகிரி செல்சியஸ், என்று தேடினால் எதுவுமே வரவில்லை என்கிறீர்கள். வராதுங்க. அந்தத் தரவில் மொத்தமே 37 அழுத்த மட்டங்கள் (காற்றழுத்தத்தை வைத்துக் குறிக்கும் உயர அடுக்குகள்). எதிலும் மிகச்சரியாக அந்த எண் உட்கார்ந்திருக்காது. சமக்குறியை விட்டுவிட்டு, 273.15ஐக் கழித்து டிகிரியாக்கி, கூட்டல்குறி கழித்தல்குறியாக மாறும் இடத்தைப் பிடியுங்கள். 600 ஹெக்டோபாஸ்கலில் +3, 550இல் −1 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் உயரம் 4,430, 5,125 மீட்டர் என்றால், நாலில் மூன்று பங்கு மேலே, சுமார் 4,950 மீட்டரில் பூஜ்யம்.

கோப்பில் உயரம் ஜியோபொடென்ஷியலாக (உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கிய எண்) இருக்கும்; அதை 9.80665ஆல் வகுத்தால்தான் மீட்டர் கிடைக்கும். அதை மறந்து, பக்கத்து ஊரான மண்டபத்துக்கு மேல் 48 கிலோமீட்டரில் மழையை உறைய வைத்தவன் நான்!

அப்புறம், கீழிருந்து வரும் முதல் மாற்றத்தை மட்டும் எடுங்கள். வெகு உயரத்தில், 1 ஹெக்டோபாஸ்கல் பக்கம், வெப்பநிலை மறுபடி பூஜ்யத்தை நெருங்கும். கோப்பில் மட்டங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று முதலில் பார்த்துவிடுங்கள்.