2013-க்கும் 2014-க்கும் இடையே அந்தத் தாவல் ஏன்?

வணக்கம். முட்டை உற்பத்தி இருபது ஆண்டுகளில் இரட்டிப்பாகியும் ஆளுக்குக் கிடைக்கும் அளவு கால்பங்குதான் கூடியிருக்கிறது, அதோடு 2014-ல் வரைகோடு திடீரென்று தாவுகிறது, தரவு தப்பா என்று கேட்டிருந்தீர்கள்.

தாவலை முதலில் பார்ப்போம். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ., ஒரு நாட்டில் எவ்வளவு உணவு கிடைக்கிறது என்று போடும் உணவுச் சமநிலைக் கணக்கில் பழைய தொடர் 2013-உடன் முடிந்துவிட்டது. அதன்பின் கணக்கிடும் முறையே மாறியது. புதிய தொடரைப் பிற்பாடு 2010 வரை பின்னோக்கியும் கொடுத்தார்கள். நீங்கள் இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2010 முதல் 2013 வரை இரண்டு தொடர்களிலும் இருக்கும் எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள், இடைவெளி அங்கேயே தெரிந்துவிடும். ஒட்டுப்போட்ட கோட்டில் வளர்ச்சி விகிதம் போடவே போடாதீர்கள்.

இரட்டிப்பு விஷயம் எளிது. மக்கள்தொகை 60% கூடியிருந்தால் இரண்டை 1.6-ஆல் வகுக்க 1.25, அவ்வளவுதான். குஞ்சு பொரிக்கப் போகும் முட்டையும் வழியில் உடைவதும் ஏற்றுமதியும் கழிந்த பிறகே அந்தக் கணக்கில் 'உணவு' என்ற வரிசை வரும். பிராய்லர் தொழில் வளரும் நாட்டில் குஞ்சு பொரிக்கப் போகும் அந்த அளவைச் சின்னதென்று விட்டுவிட முடியாது.

இன்னொன்று: கொல்லைப்புறக் கோழிகளின் முட்டையை யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை, பெரும்பாலும் மதிப்பீடுதான்.

கிலோவை எண்ணிக்கையாக்க முட்டைக்கு 55 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ என்றால் ஏறக்குறைய 90 முட்டை. அதுவும் ஓட்டோடு சேர்த்த எடை. கிடைத்த அளவுதான் இது, சாப்பிட்ட அளவு வேண்டுமென்றால் வீட்டு நுகர்வு ஆய்வைத்தான் தேட வேண்டும்.