கவலை ஓட்டிய கிணறும் எண்ணூறு கோடிப் பேரும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்.

கேள்வி: ஐயா, உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் ஆகிவிட்டோம், அதனால்தான் தண்ணீர் இல்லை, காடு இல்லை என்று டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. வாலிபப் பிள்ளைகள் பாதிப் பேர் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அப்புறம் எங்கள் கிணறு ஏன் வற்றியது?
– வேலந்தாவளம் வாசகர்

பதில்: தம்பி, சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். நான் 1954-ல் பிறந்தவன். அன்றைக்கு உலகத்தில் ஏறக்குறைய 270 கோடிப் பேர். 2022 நவம்பரில் 800 கோடி. என் ஒருவன் ஆயுளுக்குள்ளேயே மூன்று மடங்கு. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதே காலத்தில் மனிதர்கள் செலவழிக்கும் எரிசக்தி ஐந்து மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் 1950-ல் வருடத்துக்கு 20 லட்சம் டன் செய்தார்கள். இப்போது 40 கோடி டன்னைத் தாண்டிவிட்டது, அதாவது இருநூறு மடங்கு. ஆட்கள் கூடியதை மட்டும் வைத்து இந்தக் கணக்கு நேராகாது.

எங்கள் தோட்டத்துக் கிணற்றையே சொல்கிறேன். அப்பா கவலை, அதாவது மாடு இழுக்கும் ஏற்றம், ஓட்டித்தான் இறைத்தார். இரண்டு எருது, ஒரு தோல் பறி, வடம், வால்கயிறு. விடியற்காலை நாலு மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறும்போது மாடு நுரை தள்ளும். அவிழ்த்துவிட வேண்டியதுதான். மாடு நின்றால் இறைப்பு நின்றது. சாயங்காலம் பார்த்தால் ஊற்றுக்கண் வழியாக நீர் பழைய மட்டத்துக்கு வந்திருக்கும். நிலக்கடலையும் சோளமும் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தன. அந்தக் கிணறு வற்றி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஆயில் இன்ஜின் வந்தது, அதன்பின் கரண்டு மோட்டார். மோட்டாருக்குக் களைப்பு இல்லை. கிணறு இரண்டு மணி நேரத்தில் காலியாயிற்று. ஊற ஒரு நாள் ஆயிற்று. பிறகு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டோம். முதலில் 180 அடி, அடுத்தது 450, கடைசியாக நானே கடன் வாங்கிப் போட்டது 820 அடி. அந்தக் கடைசி போர் போட்ட இரண்டாம் கோடையில், பக்கத்துத் தோட்டத்தில் விதவை ஒருத்தியின் கிணறு தரை தட்டியது. அவர் வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை அது என் மனதில் இருக்கிறது.

கேரளம் என்றால் தண்ணீர் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் சித்தூர்ப் பக்கம் தெரியாது. மழை குறைந்த பூமி இது. ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சும் வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே எங்களைப் பட்டியலில் சேர்த்தது. இங்கே மட்டுமா? உலகம் முழுக்க நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீரில் ஏறக்குறைய கால் பங்கு இந்தியா எடுப்பது. 1993-லிருந்து 2010-க்குள் உலகத்தில் இறைத்தெடுத்த நிலத்தடி நீர் 2.15 லட்சம் கோடி டன் என்றும், அது கடைசியில் கடலில் போய்ச் சேர்ந்ததால் எடை இடம் மாறி, பூமி சுழலும் அச்சே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் கிழக்கே நகர்ந்தது என்றும் 2023-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். வகுப்பில் உருண்டையைச் சுற்றிக்காட்டி முப்பது வருஷம் அச்சைப் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். என் 820 அடி போருக்கும் அதில் ஒரு துளிப் பங்கு உண்டு என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் ஊரில் ஆள் கூடாததும் உண்மை, கிணறு வற்றியதும் உண்மை. இறைக்கும் வேகம் கூடியதுதான் காரணம். அந்தத் தண்ணீரில் விளைந்த தேங்காயும் காயும் லாரி ஏறி எங்கெங்கோ போகின்றன. உங்கள் கிணற்றைக் குடித்தவர்கள் பலர் உங்கள் ஊரையே பார்த்திராதவர்கள்.

கேள்வி: தென்னை ஓலையெல்லாம் கரி பூசினதுபோல் கருத்துக் கிடக்கிறது. வெள்ளை ஈ என்கிறார்கள், அமெரிக்காப் பூச்சி என்கிறார்கள். மருந்து அடிக்கலாமா?
– பொள்ளாச்சி, கோபாலபுரம் வாசகி

பதில்: அமெரிக்கக் கண்டத்துப் பூச்சிதான் அம்மணி, சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவில் இருந்தது, 2016-ல் இந்தியாவில் முதன்முதலில் உங்கள் பொள்ளாச்சிப் பக்கமும் எங்கள் பாலக்காட்டுப் பக்கமும்தான் கண்ணில் பட்டது. ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது விடும் பிசினில் பூஞ்சணம் படர்வதுதான் நீங்கள் பார்க்கும் கறுப்பு.

கடல் தாண்டிப் பூச்சி வருவது முன்பும் உண்டு, ஆனால் எப்போதோ ஒன்று. செடியும் பழமும் கன்டெய்னரிலும் விமானத்திலும் பறக்க ஆரம்பித்தபின் அடிக்கடி வருகிறது. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? அதன் பூர்வீகம் மெக்சிகோ. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் தின்றது. 2010-ல் அதன் பகைவனான ஒரு குட்டிக் குளவியைத் தருவித்து விட்டபின்தான் அடங்கியது.

வெள்ளை ஈக்கும் அப்படி ஒரு ஒட்டுண்ணிக் குளவி உண்டு, பெயர் என்கார்சியா. நம் தோப்புகளில் இருக்கிறது. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். அதனால் அடிக்க வேண்டாம். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கறுப்புக்கு ஒரு சதவீத ஸ்டார்ச் கரைசல் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும்.

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. இப்படிக் கெட்டுப்போகும் பூமியில் பிள்ளை பெறுவது தப்பு என்கிறாள் என் தோழி. உங்கள் கருத்து?
– நல்லேப்பிள்ளி வாசகி

பதில்: தப்பே இல்லை, மகளே. உலக ஜனத்தொகை வளரும் வேகம் 1960-களில் வருடத்துக்கு இரண்டு சதவீதத்தைத் தாண்டியது. இன்று ஒன்றுக்கும் கீழே. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்களுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்ததில் நடந்தது இது, யாரும் மிரட்டி நடந்ததில்லை. உங்கள் ஆசையைக் குற்றமாக்க யாருக்கும் உரிமை கிடையாது. மற்றபடி நீங்களும் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய கிணற்றை மூடிவிட்டு அந்த இடத்தில் ஷெட் போடலாம் என்கிறார் என் மகன்.
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: மூடாதீர்கள் அண்ணே, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். திருச்சூர் மாவட்டத்தில் 2008-ல் மழப்பொலிமா என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கிணற்றில் இறக்குவது, அவ்வளவுதான். நானும் என் கிணற்றுக்கு அதைச் செய்தேன். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், தூசியும் எச்சமும் அதோடு போகட்டும். அடுத்த மழையிலிருந்து ஒரு டிரம்மில் ஜல்லி, கரி, மணல் அடுக்கி அதன் வழியாக விடுங்கள். ஷெட்டைத் தெற்குப் பக்கம் போடச் சொல்லுங்கள், அதன் தகரக் கூரைத் தண்ணீரும் கிணற்றுக்கே வரும். இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்பே குழாயை மாட்டிவிடுங்கள்.