எடை குறைய, சிங்கப்பூரில் இரைப்பையைச் சுற்றி பேண்ட் (வளையம்) போட்டுக்கொண்டு வந்தவர், சென்னையில் அதை டைட் செய்துகொள்ள முடியுமா? எத்தனை மி.லி. சலைன் (உப்புநீர்) ஏற்ற வேண்டும்?

முடியும். தோலுக்கடியில் இருக்கும் போர்ட் என்ற சிறு வாய் வழியாகச் சலைன் ஏற்றினால் பேண்ட் இறுகும், எடுத்தால் தளரும். ஆனால் எடை குறைப்பு ஆபரேஷன்களில் இங்கே இப்போது ஸ்லீவும் (இரைப்பையை வெட்டிச் சுருக்குவது) பைபாஸும்தான் (உணவுப் பாதையை மாற்றுவது) அதிகம், பேண்ட் அபூர்வம். அதனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, பேண்ட் ஃபில் (சலைன் ஏற்றுவது) செய்வார்களா, போர்ட் மூடியை வெட்டாத நீளமான ஹூபர் ஊசி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கீமோ போர்ட்டுக்குப் போடும் ஹூபர் ஊசி எல்லா கேன்சர் வார்டிலும் கிடைக்கும். ஆனால் அது குட்டை, வயிற்றுக் கொழுப்பைத் தாண்டி போர்ட் வரை எட்டாமல் போகலாம். அதற்காகச் சாதா ஊசியைக் குத்த விடாதீர்கள். அது போர்ட்டின் சிலிக்கோன் மூடியைத் துணுக்காக வெட்டிவிடும், பிறகு சலைன் கசியும்.

மி.லி. கணக்கை அடுத்தவரோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. லேப்-பேண்ட் ஏபி என்ற பிராண்டில் ஸ்டாண்டர்டு சைஸ் 10 மி.லி. கொள்ளும், அதிலேயே பெரிய சைஸ் 14 மி.லி. ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த கார்டையும் கடைசி ஃபில் விவரத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

படுக்க வைத்து, தலையைத் தூக்கச் சொல்லி போர்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள். சிக்கவில்லை என்றால் எக்ஸ்-ரே ஸ்கிரீனில் பார்த்துக் குத்துவார்கள். ஊசி போர்ட்டின் அடித்தட்டில் முட்டியதும் உள்ளே இருப்பதை முதலில் முழுக்க உறிஞ்சி அளக்கச் சொல்லுங்கள். ரிக்கார்டில் 5 இருந்து 3 மட்டும் வந்தால் எங்கோ லீக். அதைப் பார்க்காமல் மேலே ஏற்றுவது வீண். கணக்கு சரியென்றால் எடுத்ததைத் திரும்பச் செலுத்தி, கூடவே அரை மி.லி. போல ஏற்றுவார்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நெஞ்சில் நின்றால் அங்கேயே கொஞ்சம் எடுத்துவிடலாம். ஒன்றிரண்டு நாள் மோர், ரசம், அப்புறம் குழைந்த சாதம், பிறகுதான் கெட்டி உணவு.

எடை இறங்கவில்லை என்றதும் இன்னும் டைட் செய்யச் சொல்பவர்கள்தான் அதிகம். பல சமயம் நடப்பது நேர்மாறு. பேண்ட் ஏற்கெனவே இறுகியிருப்பதால் சப்பாத்தியும் மட்டனும் சிக்கிக்கொள்ள, வழுக்கிப் போகிற ஐஸ்க்ரீமுக்கும் பாயசத்துக்கும் மாறியிருப்பார்கள். படுத்தால் புளித்த ஏப்பம், ராத்திரி இருமல் இருந்தால் தளர்த்தத்தான் வேண்டும். கொஞ்சம் கெட்டி உணவிலேயே பசி அடங்கி, வாரம் அரை கிலோ இறங்கினால் பேண்டைத் தொடவே வேண்டாம்.

எச்சில்கூட இறங்காவிட்டால் அன்றைக்கே போய்ச் சலைனை எடுத்துவிடுங்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறையும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்து போர்ட் மேல் தோல் சிவந்து வலித்தால் வெறும் ஆன்டிபயாடிக்கோடு விடாதீர்கள். பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம், எண்டோஸ்கோபியில்தான் தெரியும்.